தேயாத டயரின் வயது

பிரிட்டனில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் டயர்களைப் பற்றிய ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. லாரி, பஸ், நெடுந்தூரச் சுற்றுலாப் பஸ் ஆகியவற்றின் முன் அச்சில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வயதுள்ள டயரைப் பொருத்தி ஓட்டக்கூடாது என்பது அவ்விதி. சிறு பஸ்களில் ஒற்றையாகப் பொருத்தப்படும் சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் இத்தடை உண்டு. டயர் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. பள்ளங்கள் புதிது போல் ஆழமாக இருந்தாலும், வயது பத்தைத் தாண்டிவிட்டால் கழற்ற வேண்டியதுதான்.

இதுவரை நல்லது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. நாற்பது ஆண்டும் அதற்கு மேலும் ஆன, வணிகத்துக்குப் பயன்படாத வாகனங்களுக்கு இத்தடை இல்லை. பழைய பஸ் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஆர்வலர் அதில் பழைய டயரையும் பாதுகாத்து வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டலாம். தனியார் கார்களை இவ்விதி தொடவே இல்லை. அதற்கும் முன்பே, 2018 மே 20 முதல், நாற்பது ஆண்டு கடந்து பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையிலிருந்தும் விலக்குக் கிடைத்துவிட்டது. வண்டியைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு. ஆனால் அதை ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு இல்லை.

ஆக, வண்டி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதன் டயரைப் பற்றிச் சட்டம் குறைவாகக் கேட்கிறது. இது சரிதானா? ரப்பரின் வேதியியலும் சுழலும் சக்கரத்தின் இயற்பியலும் இந்த விலக்கை ஆதரிக்கின்றனவா? ஆதரிக்கவில்லை என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். விலக்குக்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்றிரண்டு உண்மையானவை. அவற்றையும் மறைக்க வேண்டியதில்லை.

முதலில் இவ்விதி பிறந்த கதை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, வைட் தீவில் நடந்த ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று, சர்ரே மாவட்டத்தில் ஹிண்ட்ஹெட் அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தனர். முன்பக்கத்து டயர் ஒன்று வெடித்திருந்தது. அதன் வயது பத்தொன்பதரை ஆண்டு என்பது விசாரணையில் தெரியவந்தது. பஸ்ஸைவிட டயர் மூத்தது! மேலும் வியப்பு என்னவென்றால், அந்த டயரைப் பொருத்தியிருந்தது குற்றமே அல்ல. பள்ளங்களின் ஆழம் சட்டம் கேட்ட அளவுக்கு இருந்தது. சட்டம் கேட்டதும் அது ஒன்றைத்தான். இறந்த இளைஞர்களில் ஒருவருடைய தாயார் ஆண்டுக்கணக்காக வாதாடியதன் பலனாகவே இவ்விதி வந்தது.

இரண்டு கடிகாரங்கள்

ஒவ்வொரு டயரிலும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கிலோமீட்டரை எண்ணுவது. சாலையில் உராய உராய ரப்பர் தேய்ந்து, நம் பட்டறைக்காரர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் மேற்பரப்பு வடிவம் மறைந்து, மொட்டை டயராகிறது. இக்கடிகாரத்தின் முகப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். மற்றொன்று ஆண்டுகளை எண்ணுவது. ரப்பருக்குள் நிகழும் வேதி மாற்றமே அது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நிற்பதில்லை. அதன் முகப்போ பெரும்பாலும் டயரின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அன்றாடம் ஓடும் காரில் முதற் கடிகாரம் முந்திக்கொள்கிறது. ஒரு டயர் 50,000 கி.மீ. உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,500 கி.மீ. ஓட்டுபவர் நான்கு ஆண்டில் அதை மாற்றிவிடுவார். இரண்டாம் கடிகாரம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தேய்மானத்தைப் பார்த்து டயரை மாற்றும் பழக்கம் இத்தனை காலம் நமக்குக் கைகொடுத்து வந்ததன் காரணம் இதுதான். தேய்மானம் வயதையும் தற்செயலாக அளந்து வந்தது.

சேகரிப்பாளர் ஒருவர் தம் பழைய காரை ஆண்டுக்கு 800 கி.மீ. ஓட்டுகிறார், கண்காட்சிக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிது தூரம். அதே டயர் தேய்ந்து முடிய 62 ஆண்டு ஆகும். முதற் கடிகாரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டாவது வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே, வயதைப் பார்க்கும் விதி யாருக்காவது கட்டாயம் தேவை என்றால், அது இவருக்குத்தான். “குறைவாக ஓடுகிறது, ஆகையால் விலக்கு” என்பது, “குறைவாகச் சாப்பிடுகிறான், ஆகையால் அவனுக்கு வயது ஏறாது” என்பது போன்ற வாதம்.

உறங்கும் ரப்பர்

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. பச்சை ரப்பரில் இச்சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்களாக அமைகின்றன. பாலங்கள் குறைவாக இருந்தால் ரப்பர் தளர்ந்துபோகும். மிகுதியானால் மரம்போல் விறைக்கும். நல்ல டயர் இவ்விரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட பொருள்.

ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை. ஆக்சிஜன் மெல்ல உட்புகுந்து, புதிய குறுக்குப் பாலங்களை உண்டாக்கியும் சில சங்கிலிகளை அறுத்தும் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் கெட்டியாகிறது. எவ்வளவு இழுத்தால் அறும் என்ற அளவு குறைந்துகொண்டே போகிறது.

இந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? வெளிக்காற்றிலிருந்து என்றே பலரும் எண்ணுவர். பெரும் தீங்கு வருவது உள்ளிருந்து! டயருக்குள் காற்றை 30 பவுண்டு அழுத்தத்துக்கு அடைக்கிறோம். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான். உள்ளே மொத்த அழுத்தம் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தம். எனவே உள்ளே ஆக்சிஜனின் பங்கழுத்தமும் வெளியே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு ஊடுருவும் என்பது மாணவர்கள் அறிந்ததே. டயரின் உட்சுவரில் காற்றை எளிதில் விடாத பியூட்டைல் வகை ரப்பர் பூசப்பட்டிருக்கிறது. அதுவும் ஊடுருவலைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. ஊடுருவும் ஆக்சிஜன், போகும் வழியில் இருக்கும் ரப்பரோடு வினைபுரிகிறது.

போகும் வழியில் இருப்பது எது? இக்காலத்து ரேடியல் டயரில் மேற்பரப்புக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து கிடக்கின்றன. இவ்வகை டயரை மிஷெலின் நிறுவனம் 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு பட்டைகளுக்கும் இடையே மெல்லிய ரப்பர் இருக்கிறது. பட்டைகளின் ஓரத்தில்தான் அந்த ரப்பர் மிகுதியாக நசுங்கி விரிகிறது. புதிதாக இருக்கும்போது அது தாங்கும். கெட்டிப்பட்டபின் அங்கே சிறு விரிசல் தோன்றுகிறது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவுகிறது. ஒருநாள் மேற்பட்டையும் அதன்மேல் ஒட்டிய ரப்பரும் உரிந்துகொண்டு கிளம்புகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடைசி நாள் வரை ஒன்றும் தெரியாமலே இருக்கக்கூடும்.

(நைட்ரஜன் வாயுவை அடைத்தால் இந்த உட்புற ஆக்சிஜனேற்றம் குறையும் என்பது உண்மைதான். அதற்காக வாங்கும் காசுக்குத் தகுந்த பயன், மாதம் இருமுறை காற்றுப் பார்க்கும் சாதாரணக் காருக்குக் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.)

வெளிப்புறத்தைத் தாக்குவது ஓசோன். நாம் சுவாசிக்கும் காற்றில் அது பத்துக் கோடிப் பங்குக்குச் சில பங்கு வீதமே இருக்கிறது. எனினும் ரப்பர்ச் சங்கிலியில் உள்ள கார்பன் இரட்டைப் பிணைப்புகளை அது கத்திபோல் வெட்டுகிறது. இழுவிசைக்கு உட்பட்டிருக்கும் ரப்பரில்தான் இவ்வெட்டு விரிசலாக விரியும். வீட்டிலேயே இதைக் காணலாம். ஒரு ரப்பர் வளையத்தைப் பாட்டிலின்மேல் நன்றாக இழுத்து மாட்டி, வெயில் படாமல் காற்று மட்டும் படும் இடத்தில் வையுங்கள். இழுக்காத மற்றொரு வளையத்தைப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். சில வாரம் கழித்து இழுபட்ட வளையத்தில், இழுத்த திசைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள் தெரியும். மற்றது அவ்வளவாக மாறியிருக்காது.

நிறுத்தி வைத்த காரின் டயர் இந்தப் பாட்டில்மேல் மாட்டிய வளையம்தான். வண்டியின் சுமையால் தரையை ஒட்டிய பக்கச்சுவர் பிதுங்கி, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இழுபட்டு நிற்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓசோனைத் தடுப்பதற்காக உற்பத்தியாளர்கள் ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். இவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேற்பரப்பில் படலமாகப் படிய வேண்டும். டயர் உருண்டு நெளிய நெளியத்தான் இக்கசிவு நன்றாக நடக்கிறது. ஓடாத டயருக்கு அந்தப் பாதுகாப்புச் சரியாகக் கிடைப்பதில்லை. கொட்டகையில் துணிபோர்த்தி வைத்துவிட்டால் டயர் ஓய்வெடுக்கிறது என்று எண்ணுவது, ஆகவே, பிழை. காரை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரத்தின் மேல் சுமை இல்லாமல் வைப்பவர் பக்கச்சுவர் வெடிப்பைக் குறைக்கிறார். உள்ளிருந்து வரும் ஆக்சிஜனை நிறுத்தவில்லை.

பத்துக் கிராமின் எடை

கெட்டிப்பட்ட ரப்பர் தாங்க வேண்டிய விசை எவ்வளவு என்பதைக் கணக்கிடுவோம். 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உருள்கிறது, அதாவது நொடிக்கு 27.8 மீட்டர். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். விடை ஏறத்தாழ 2,570. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 260 மடங்கு. டயரின் மேற்பரப்பில் உள்ள பத்துக் கிராம் ரப்பரை வட்டப்பாதையில் பிடித்து வைக்க, 2.6 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. 150 கி.மீ. வேகத்தில் இது 5.9 கிலோவாகும். 50 கி.மீ. வேகத்திலோ 650 கிராம்தான்.

இத்துடன் முடியவில்லை. அந்தச் சக்கரம் நொடிக்குப் பதினைந்து முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை தரையில் படிந்து தட்டையாகி மீள்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் 53,000 முறை. படிந்து மீளும்போதெல்லாம் சிறிது ஆற்றல் வெப்பமாகிறது. காற்றுக் குறைந்த டயரில் நெளிவு அதிகம், வெப்பமும் அதிகம். மாதக்கணக்கில் நின்ற கார்களில் காற்றுக் குறைந்திருப்பது வழக்கம். அதைச் சரிபார்க்காமல் நேரே நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் சென்றால் மூன்று கேடுகளும் ஒன்றுசேருகின்றன.

விலக்கின் நியாயங்கள்

இனி எதிர்த்தரப்பைக் கேட்போம். விலக்கு வேண்டுவோர் சொல்லும் காரணங்களில் முதலாவது, பழைய வண்டிகள் மெதுவாகச் செல்பவை என்பது. மேலே கண்ட கணக்கு அவர்களுக்கும் சாட்சி சொல்கிறது. 1920-களின் கார் ஒன்று 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது டயரைப் பிய்க்கும் விசை, 100 கி.மீ. வேகத்தில் உள்ளதில் நாலில் ஒரு பங்கே. இரண்டாவது, அக்காலத்து டயர்களில் எஃகுப் பட்டை இல்லை. நூலிழை அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டு உள்ளே தனி டியூப் வைத்தவை. எனவே எஃகுப் பட்டை உரிந்து கிளம்பும் விபத்து அவற்றில் நிகழாது. அவையும் மூப்படையும், வெடிக்கும். ஆனால் வேறு விதமாக. கனரக வாகனத்தின் ரேடியல் டயரை வைத்து வகுத்த பத்து ஆண்டு என்ற எண்ணை அவற்றின்மேல் அப்படியே சுமத்துவது அறிவியல் முறை ஆகாது. இவ்விரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சட்டம் போட்ட கோடு 1920-களில் இல்லையே! ‘நாற்பது ஆண்டு’ என்பது நகரும் கோடு. ஒவ்வொரு ஆண்டும் அது ஓராண்டு முன்னேறுகிறது. தகுதிச் சோதனை விலக்கு வந்த 2018-இல் அது 1978-ஐத் தொட்டது. 2024-இல் 1984-ஐத் தொட்டது. 1984-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான ஃபெராரி டெஸ்டரோஸா மணிக்கு ஏறத்தாழ 290 கி.மீ. வேகம் செல்லக்கூடிய கார். எஃகுப் பட்டை ரேடியல் டயரில் ஓடுவது. அதையும் 1924-ஆம் ஆண்டின் ஆஸ்டினையும் ‘பழைய வாகனம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுகிறது இக்கோடு. வண்டியின் பிறந்த ஆண்டைக் கேட்பதற்குப் பதிலாக, டயரின் அமைப்பையும் வண்டியின் வேகத்தையும் கேட்டிருந்தால் விலக்கு நியாயமாக இருந்திருக்கும்.

மூன்றாவது காரணம், பழைய அளவுகளில் டயர் கிடைப்பதில்லை என்பது. ஒரு காலத்தில் அது உண்மை. இன்று அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1958-இல் தொடங்கிய கோக்கர் போன்ற நிறுவனங்கள் பழைய அளவிலும் பழைய தோற்றத்திலும் புதிய டயர்களை வார்த்துத் தருகின்றன. விலை அதிகம், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்கு வண்ணம் பூசவும் குரோமியப் பூச்சுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

நான்காவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாதமாக முன்வைப்பதில்லை. அது பெருமை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே டயர் இன்னமும் இருக்கிறது என்பது கண்காட்சியில் சொல்லிக்கொள்ளத்தக்க ஒன்று. பழம்பொருளை அப்படியே காக்கும் உணர்வை நான் குறை கூறமாட்டேன். அருங்காட்சியகத்தில் வைப்பதானால் மூல டயர்தான் இருக்க வேண்டும். சாலைக்கு வரும்போது கேள்வி வேறாகிறது. எதிரே வருபவர் அந்தப் பெருமையில் பங்குதாரர் அல்லர். காட்சிக்கு ஒரு தொகுதிச் சக்கரங்கள், ஓட்டத்துக்கு ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் இச்சிக்கலை அமைதியாகத் தீர்த்துவிட்டார்கள்.

சான்றுகளை எடைபோடுதல்

டயரின் மூப்பைப் பற்றி எழுதுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் விபத்து ஒன்று உண்டு. 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜி.டி. கார் மோதி, அவரும் காரை ஓட்டிய நண்பரும் இறந்தனர். சுமார் 1,270 மட்டுமே உற்பத்தியான, சேகரிப்பாளர் விரும்பும் கார் அது. டயர்களின் வயது ஒன்பது. 2014-இல் வெளியான விசாரணை முடிவு, விபத்துக்குக் காரணம் அளவு மீறிய வேகம் என்றது. டயர்களின் வயதால் காரின் கட்டுப்பாடு குறைந்திருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

இதை டயர் மூப்பின் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. 72 கி.மீ. வேக வரம்புள்ள சாலையில் கார் 130 முதல் 150 கி.மீ. வேகத்தில் சென்றதாகக் கணித்தார்கள். வளைவில் தேவைப்படும் பக்கவாட்டு உராய்வு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வரம்பு வேகத்தில் வேண்டியதைப்போல் மூன்று முதல் நான்கு மடங்குக்கு மேல் அந்த டயர்களிடம் கேட்கப்பட்டது. விறைத்த ரப்பர் சாலைக் கற்களின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்காது என்பது உண்மை. அங்கும் அது ஓரளவு பங்கு பெற்றிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய காரணத்தின் பக்கத்தில் அந்தச் சிறிய காரணத்தைத் தனியே பிரித்து அளக்க முடியாது. ஹிண்ட்ஹெட் பஸ் விபத்து இதைப்போல் உலகப் புகழ் பெறவில்லை. அறிவியல் நோக்கில் வலுவான சான்று அதுவே.

புள்ளிவிவரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் அந்நாட்டுக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இடம்பெற்றது. அதன் காப்பீட்டாளர்களில் 27 விழுக்காட்டினர் அரிசோனா, கலிபோர்னியா, டெக்சாஸ், லூசியானா, புளோரிடா ஆகிய வெப்ப மாநிலங்களில் இருந்தனர். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 விழுக்காடு அம்மாநிலங்களிலிருந்து வந்தது. அவற்றிலும் 84 விழுக்காடு ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயர்கள்.

இந்த 84 என்ற எண்ணைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். அது தனியாக எதையும் நிறுவாது. சாலையில் ஓடும் டயர்களில் ஆறு ஆண்டுக்கு மேற்பட்டவை எத்தனை விழுக்காடு என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். பகுதி எண் இருக்கிறது, விகுதி எண் இல்லை. மாறாக, 27-உம் 77-உம் ஒன்றையொன்று ஒப்பிடத்தக்க எண்கள். வெப்பம் மூப்பை விரைவுபடுத்துகிறது என்ற வேதியியல் முடிவை அவை உறுதிப்படுத்துகின்றன. நீண்ட தூரப் பயணம், வேகம் போன்ற வேறு காரணங்களும் அந்த மாநிலங்களில் இருந்திருக்கலாம் என்பதை மறந்துவிடாமல் இதைச் சொல்கிறேன்.

பத்து என்ற எண்

இங்கேதான் பிரிட்டிஷ் விதியின் மற்றொரு குறையும் வெளிப்படுகிறது. ரப்பர் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையைப் பார்க்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் சுமார் இரு மடங்காகும் என்ற பொதுக் கணக்கைப் பள்ளியிலேயே படிக்கிறோம். லண்டனின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். சென்னையில் ஏறத்தாழ 29. வேறுபாடு 18 டிகிரி. அப்படியானால் நிறுத்தி வைத்த டயர் சென்னையில் லண்டனைப்போல் மூன்றரை மடங்கு வேகத்தில் மூப்படைய வேண்டும். லண்டனின் பத்து ஆண்டு இங்கே மூன்றாண்டுக்குச் சமம் என்று உடனே முடிவு கட்டிவிடக்கூடாது; இது தோராயக் கணக்கு, ரப்பரின் கலவையும் அடைத்த அழுத்தமும் விடையை மாற்றும். ஆனால் பத்து என்ற எண்ணைக் குளிர்நாட்டிலிருந்து அப்படியே இறக்குமதி செய்யலாகாது என்பதற்கு இத்தோராயமே போதும்.

உற்பத்தியாளர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஆறு ஆண்டில் மாற்றுங்கள் என்கின்றன சில கார் நிறுவனங்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் சோதியுங்கள், பத்தாம் ஆண்டில் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள் என்கிறது மிஷெலின். ஆய்வுக்கூடத்தில் டயரில் பாதி ஆக்சிஜன் கலந்த வாயுவை அடைத்து 65 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்து, மூப்பை விரைவாக வரவழைக்கும் சோதனை முறையையும் அமெரிக்கர்கள் உருவாக்கினர். ஆனால் புதிய டயர்களுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்று பாதுகாப்பு நிர்வாகம் பின்னர் முடிவு செய்தது. இக்காலத்து டயர்கள் முன்னைவிடத் தரமானவை என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. சாதாரணக் காருக்கு அது சரியாக இருக்கலாம். கொட்டகையில் இருபது ஆண்டு கிடந்த டயருக்கு அந்தத் தரம் எப்படி உதவும்?

நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு, மூல வடிவிலேயே உள்ள வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் எண் வழங்கப்படுகிறது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அவை சாலைக்கு வரலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது. அன்றாட ஓட்டத்தைத் தடுப்பது நெரிசலுக்கும் புகைக்கும் நல்லதே. டயரைப் பொறுத்தவரை நாம் பார்த்த முதற் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அது. மூல வடிவம் என்பதற்கு அவ்வறிவிப்பு அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்று விளக்கம் தருகிறது. டயர் அப்பட்டியலில் இல்லை. புது டயர் மாட்டினால் பழமைத் தகுதி போய்விடுமோ என்று அஞ்சும் உரிமையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. டயரின் பக்கச்சுவரில் நீண்ட குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3504 என்றால் 2004-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். 2000-க்கு முன் மூன்று இலக்கங்களே இட்டார்கள். 358 என்றிருந்தால் 35-ஆவது வாரம் தெரியும். ஆண்டு 1988-ஆ 1998-ஆ என்பது தெரியாது. எதுவாயினும் அந்த டயர் கால் நூற்றாண்டைக் கடந்தது என்பதில் ஐயமில்லை. ஸ்டெப்னியையும் விட்டுவிடக்கூடாது, பிற டயர்களை மாற்றும்போது அதை மட்டும் மாற்றாமல் விடுவது வழக்கம். இவ்விலக்கங்களை டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் பொறிப்பதும் உண்டு. மாட்டும்போது அப்பக்கம் உள்நோக்கிப் போயிருந்தால், வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.